காலுக்குள் சோடா

நம் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். கால் ஆட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று யார் கண்டுபிடித்தது? கையை ஆட்டலாம், தலையை ஆட்டலாம், கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து உடம்பையே ஆட்டலாம், ரசிகர் என்று பெயர் கிடைக்கும். காலை மட்டும் ஆட்டக் கூடாது, லட்சுமி போய்விடுவாள். நம் வீட்டுக்கு லட்சுமி எப்போது வந்தாள், இப்போது போவதற்கு என்று கேட்டு நான் முதுகில் வாங்கியிருக்கிறேன்.

போன வாரம்கூட மயிலாப்பூரில் ஒரு சாயங்காலக் கச்சேரி. பக்கத்து நாற்காலி மாமா பாடகரைப் பார்க்காமல் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலாபனை முடிவதற்குள் பொறுமை போய்விட்டது. "கொஞ்சம் காலை ஆட்டாம இருங்கோம்மா, வரிசையே ஆடறது" என்றார். நான் எழுந்து போய்ப் பின்னால் கதவோரம் நின்றுகொண்டேன். நாற்பத்தாறு வயதில், டிக்கெட் வாங்கி, இடம் கிடைத்தும், நின்று பாட்டுக் கேட்கிற பிறவி நான். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் போன வருஷம்தான் தெரியும். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்குப் பதினோரு வயது. தொண்ணூறுகள் தொடங்கிய சமயம், கேபிள் டிவி எங்கள் தெருவுக்கு வந்த புதிது. மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் அப்பா, அம்மா, நான். அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அவள் வீட்டில் கேபிள் கிடையாது. அதனால் விளக்கேற்றும் நேரத்துக்கு விசிறியும் கையுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். அப்பா நந்தனத்து ஆபீசிலிருந்து பஸ் பிடித்து வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்காருவார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஆரம்பிக்கும். காலையில் ஒன்றும் இருக்காது. பள்ளிக்கூடத்தில் முழு நேரமும் பெஞ்சில் பதுமை மாதிரி உட்கார்ந்திருப்பேன். வெயில் இறங்கினதும் இரண்டு கெண்டைக்கால் எலும்புக்குள்ளும் ஏதோ ஓட ஆரம்பிக்கும். வலி இல்லை. மரத்துப்போவதும் இல்லை. எறும்பு ஊர்கிறதா என்றால் அதுவும் இல்லை, எறும்பு தோலுக்கு மேலேதான் ஊரும். தெருமுனைப் பெட்டிக்கடையில் கட்டை விரலால் கோலியை அமுக்கிச் சோடா உடைப்பார்களே, அப்போது பொங்கி வருமே, அது சத்தமே இல்லாமல் எலும்புக்குள் ஏறினால் எப்படி இருக்கும்? உட்கார்ந்தால் வரும். எழுந்து நாலு நடை நடந்தால் போய்விடும். மறுபடி உட்கார்ந்தால் மறுபடி வரும். படுத்தால் கேட்கவே வேண்டாம்.

ஒருநாள் இதை அப்படியே சொன்னேன். "அம்மா, காலுக்குள்ள சோடா ஊத்தின மாதிரி இருக்கு."

அப்பா சிரித்தார். அத்தை விசிறியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "பன்னீர் சோடாவாடி, கலர் சோடாவா?"

அம்மா சிரிக்கவில்லை. "போறும், வாயை மூடு. இதை வெளியில போய்ச் சொல்லிண்டு திரியாதே" என்றாள். எனக்கு அழுகையாக வந்தது. சிரித்தவர்களைவிட அவள்மேல்தான் அன்று கோபம்.

அம்மா அப்போது நிலைப்படியில் சாய்ந்து முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி பார்ப்பதும் அங்கிருந்துதான். உளுந்து இல்லாவிட்டால் என் யூனிஃபார்முக்கு இஸ்திரி போடுவாள், அதுவும் இல்லாவிட்டால் துடைத்த அலமாரியை மறுபடி துடைப்பாள். உடல் பாரத்தை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கும் அந்தக் காலிலிருந்து இந்தக் காலுக்கும் மாற்றிக்கொண்டே இருப்பாள். அத்தைக்கு அதில் ஏக பெருமை. "இந்தாத்துக்கு வந்த நாள்லேர்ந்து இவ உக்காந்து நான் பாத்ததில்லை. உழைப்பாளி. என் தம்பி குடுத்து வெச்சவன்" என்பாள். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, "உன் பொண்ணைப் பாரு, அஞ்சு நிமிஷம் ஓரிடத்துல உக்கார மாட்டேங்கறா. திமிர்" என்பாள். அப்பா இரண்டுக்கும் தலையாட்டுவார்.

லஸ்ஸில் எங்கள் குடும்ப டாக்டர் ஒருவர் இருந்தார். எதற்கும் சிவப்பு மருந்து ஒன்று கொடுப்பார். முழங்காலைத் தட்டிப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "வளர்ற வலி. நல்லா உயரமா வருவா" என்றார்.

"வலிக்கலை டாக்டர்" என்றேன்.

"வலிக்கலைன்னா எதுக்கும்மா வந்தே?"

அதோடு வைத்தியம் முடிந்தது. உயரமாக வருவேன் என்றாரே, இன்றைக்கும் பரணில் இருந்து ஒரு பாத்திரம் எடுக்க ஸ்டூல் போட்டுத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்து ரிக்‌ஷாக்காரரும் தன் பங்குக்குச் சொன்னார். சாயங்காலம் திரும்பும்போது என் கால் ஆடி அவருடைய வண்டியே ஆடுமாம். "இன்னா பாப்பா, காலைல சோக்கா குந்திக்கினு வர்ற, சாய்ங்காலம் மட்டும் இன்னா ஆவுது உனுக்கு? எவனோ கண்ணு வச்சிகீறான். அம்மாண்ட சொல்லி கறுப்புக் கயிறு கட்டிக்கோ." கயிறும் கட்டியாயிற்று. கயிறும் சேர்ந்து ஆடியது.

அத்தையின் வைத்தியம் காபி. எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான் முதல் மருந்து. தலைவலித்தால் காபி, துக்கம் வந்தால் காபி, விருந்தாளி வந்தால் காபி, போகாவிட்டால் இன்னொரு காபி. "குழந்தைக்குச் சாயங்காலம் களைப்பு. திக்கா ஒரு வாய் காபி குடுத்தா ஒரு இடத்துல உக்காருவா" என்று தீர்ப்புச் சொல்லி, முதல் டிகாக்‌ஷனில் தன் கையாலேயே கலந்து கொடுப்பாள். விளக்கு வைத்ததும் ஒன்று, சாப்பிட்ட கையோடு ஒன்று, கால் ஆடினால் இன்னொன்று. காபி ஏற ஏறக் கால் இன்னும் ஆடியது. கால் ஆட ஆடக் காபி இன்னும் ஏறியது. எரிகிற அடுப்பை நெய் ஊற்றி அணைக்கப் பார்த்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் போகட்டும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, பாட்டு.

எனக்குக் குரல் இருந்தது. இப்போது சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை, நன்றாகவே இருந்தது. அடுத்த தெருவில் பாட்டு மாமி வகுப்பு நடத்தினாள். கூடத்தில் ஜமக்காளம் விரித்திருக்கும், மூலையில் பெட்டி ரேடியோ அளவில் ஒரு சுருதிப் பெட்டி முனகிக்கொண்டிருக்கும். ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிப் பாடுவேன். மாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். ஆனால் வகுப்பு சாயங்காலம் ஆறு மணிக்கு. கண்ணைத் திறந்தால் என் பாவாடை விளிம்பு நடுங்குவதுதான் தெரியும்.

"காலால தாளம் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? அதுவும் ஆதி தாளத்துக்கு உன் கால் வேற ஏதோ கணக்குப் போடறது. சரஸ்வதி முன்னாடி காலை ஆட்டறியே, கை எதுக்கு இருக்கு?"

"தாளம் போடலை மாமி. அது தானா ஆடறது."

"தானா ஆடறதுக்கு அது என்ன ஊஞ்சலா?"

பக்கத்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நான் இரண்டு கையாலும் முட்டியை அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். தாளம் போடக் கை இருக்காது. அதற்கும் திட்டு விழும்.

அந்த மார்கழியில் குழந்தைகளுக்குப் பாட்டுப் போட்டி வைத்தார்கள். குழுவாகப் பாட வேண்டும், நடுவில் ஒருத்தி தனியாக ஒரு பாசுரம் பாடலாம். மாமி என்னைத்தான் நடுவில் உட்கார வைத்தாள். முதல் சுற்று காலையில், பனி விலகாத நேரத்தில் நடந்தது. மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கால் இருக்கிற இடமே தெரியவில்லை. பாடி முடித்ததும் மாமி என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். எங்கள் குழு இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. அது சாயங்காலம்.

எனக்குத் தெரிந்துவிட்டது. "மாமி, சாயங்காலம் என்னால உக்கார முடியாது. காலையிலயே வெக்கச் சொல்லுங்கோளேன்" என்று கேட்டேன்.

மாமிக்கு வந்ததே கோபம். அப்பாவிடம் வந்து ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போனாள். அப்பா என்னைக் கூப்பிட்டு வக்கீல் மாதிரி விசாரித்தார். "காலையில உக்காந்தியோல்லியோ?"

"உக்காந்தேன்."

"அதே கால்தானே?"

"அதே கால்தான்."

"அப்போ முடியாதுன்னு இல்லை. மாட்டேங்கறே. அவ்வளவுதானே?"

இதற்கு என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள். காலையில் சும்மா இருந்ததே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. நாள் முழுக்க ஆட்டியிருந்தால் வியாதி என்று நம்பியிருப்பார்கள் போலிருக்கிறது. சாயங்காலம் மட்டும் ஆடுவது இந்த நோயின் சுபாவம் என்று இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்லுவார். அன்றைக்கு அதற்குப் பெயர் பிடிவாதம்.

இறுதிச் சுற்று அன்று அத்தை வழக்கத்துக்கு மேல் ஒரு பெரிய டம்ளர் காபி கலந்து வந்தாள். "குடிச்சுட்டுப் போடி. கல்லு மாதிரி உக்காருவே."

குடித்ததும் அம்மா என்னை உள் அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து கரையோடு கிழித்த இரண்டு துண்டுகளை எடுத்தாள். கணுக்காலில் ஆரம்பித்து முழங்காலுக்குக் கீழே வரை, பாவாடைக்குள் தெரியாதபடி, இறுக்கிச் சுற்றினாள். அவள் கை எங்கேயும் தயங்கவில்லை. சுற்றுக்குச் சுற்று ஒரே அளவு, கடைசியில் நுனியை உள்ளே செருகி ஒரு தட்டு. கட்டினதும் சோடா கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது.

"இது யாரும்மா உனக்குச் சொல்லிக் குடுத்தா?"

"எனக்கு எதைத்தான் யார் சொல்லிக் குடுத்தா? கிளம்பு."

மண்டபத்தில் நல்ல கூட்டம். மல்லிகைப்பூவும் சாம்பிராணியும் ஈர ஜமக்காளமும் கலந்த வாசனை. எங்களை மேடையில் முன்கூட்டியே உட்கார வைத்துவிட்டார்கள். அதுதான் வினை. யாரோ ஒரு பெரியவர் பேச ஆரம்பித்தார். பக்தியைப் பற்றிப் பேசினார், அடக்கத்தைப் பற்றிப் பேசினார், இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். அவர் பேசப் பேச என் கால் கட்டுக்குள்ளேயே பொங்கிக்கொண்டு வந்தது. கட்டை விரலை மடக்கினேன், நாக்கைக் கடித்தேன், மனசுக்குள் வாய்ப்பாடு சொன்னேன். கண்ணில் தண்ணீர் நின்றது. முன்வரிசையில் அத்தை பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருவழியாகப் பாட்டு ஆரம்பித்தது. என் பாசுரம் வந்தது. முதல் அடி பாடினேன். குரல் தொண்டையிலேயே நின்றுகொண்டு வெளியே வர மறுத்தது. இன்னொரு அடி பாடினால் உதைத்துவிடுவேன், எதிரே சுருதிப் பெட்டி இருந்தது. யோசிக்கவெல்லாம் இல்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

நின்றதும் எல்லாம் வடிந்துவிட்டது. அந்தச் சுகம் நம்மில் எத்தனை பேருக்குப் புரியும் என்று தெரியவில்லை. குரல் திறந்துகொண்டது. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மிச்சப் பாசுரத்தைப் பாடினேன். அப்படி நான் அதற்கு முன்னாலும் பாடியதில்லை, பின்னாலும் பாடியதில்லை. மண்டபத்தில் சலசலப்பு. பாட்டு மாமியின் முகம் சுண்டிப்போயிருந்தது. உட்கார்ந்திருந்த அத்தனை தலைகளுக்கும் மேலாகப் பார்த்தேன். என்னைத் தவிர நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு ஆள், பின்னால் கதவோரம், அம்மா. என்னை இழுத்துப் போய் அறையத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

பரிசு இல்லை. நடுவராக வந்தவர், "குரல் இருக்கு, அடக்கம் இல்லை" என்று மைக்கிலேயே சொன்னார். பாட்டு மாமி அம்மாவிடம், "இனிமே இவளை அனுப்பாதீங்கோ. மத்தக் குழந்தேள்லாம் கெட்டுப்போயிடும்" என்றாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். வீட்டுக்கு வந்து கட்டை அவிழ்த்தாள். கெண்டைக்காலில் வேட்டிக் கரை பதிந்திருந்தது. அதைக் கட்டை விரலால் கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டாள்.

ஆனால் அத்தை விடுவாளா? "நான்தான் சொன்னேனே, இவளுக்குக் கலை தொண்டையில இல்லை, கால்ல இருக்கு" என்று பரதநாட்டிய வகுப்பில் சேர்த்துவிட்டாள். மயிலாப்பூரில் குழந்தையின் உடம்பில் எந்தப் பாகம் சும்மா இருக்கவில்லையோ அந்தப் பாகத்துக்கு ஒரு வகுப்பு உண்டு. சும்மா இருக்காத கால் சொன்னபடி கேட்கும் என்று யார் சொன்னது? அரைமண்டியில் அசையாமல் நிற்கச் சொன்னார்கள். நான் ஆடவேண்டிய நேரத்தில் நின்றேன், நிற்கவேண்டிய நேரத்தில் ஆடினேன். சலங்கைக்குக் காலம் வரும் முன்பே டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். சலங்கை போனதில் எனக்கு வருத்தமே இல்லை. பாட்டு போனதுதான் போயிற்று. அதற்கப்புறம் நான் யார் முன்னாலும் பாடவில்லை.

போன வருஷம் அடையாறில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். தூக்கம் வரவில்லை என்றுதான் போனேன். சாயங்காலம் கால் எப்படி இருக்கும் என்று அவளாகவே கேட்டாள். சோடா என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நிறைய பேர் இப்படித்தாங்க சொல்றாங்க" என்றாள். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்று பெயர் சொன்னாள். ரத்தத்தைச் சோதித்தால் உடம்பில் இரும்புச் சேமிப்பு அடிமட்டத்தில் இருந்தது. அது குறைந்தாலும் கால் இப்படிப் படுத்துமாம், காபி படுத்தலை ஏற்றிவிடுமாம், போதாததற்குச் சாப்பாட்டில் இருக்கிற இரும்பையும் உடம்பில் சேரவிடாதாம். எனக்கு அத்தையின் டம்ளர் ஞாபகம் வந்தது. அவள் இப்போது இல்லை, இருந்திருந்தால் கையோடு அழைத்து வந்திருப்பேன்.

"இது குடும்பத்துல வரும். உங்க அம்மாவுக்கு இருந்ததா?" என்றாள்.

"அதெல்லாம் இல்லை டாக்டர். அம்மா உழைப்பாளி. அவ உக்காந்தே நான் பார்த்ததில்லை."

சொல்லி முடித்ததும் எனக்கே கேட்டது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

அங்கிருந்து நேராக அம்மாவின் ஃப்ளாட்டுக்குப் போனேன். சாயங்கால நேரம். எழுபதைத் தாண்டிய மனுஷி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அம்மா, சாயங்காலம் உன் காலுக்குள்ள எப்படி இருக்கும்?"

"கால் மாதிரி இருக்கும்."

"சோடா ஊத்தின மாதிரி?"

"இன்னும் அதை விடலையா நீ?" என்றாள். சமையல் மேடையைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "எனக்குச் சோடான்னு தோணினதில்லை. மாவு பொங்கற மாதிரி இருக்கும். நீ வயத்துல இருந்தப்போ ரொம்ப ஜாஸ்தி."

"யார்கிட்டயுமே சொல்லலையா?"

"என்னன்னு சொல்றது? உழைப்பாளின்னு பேர் வாங்கினப்புறம் வியாதின்னு எப்படிச் சொல்றது?"

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. திமிர் திமிர்னு என்னைத் திட்டினப்போ பக்கத்துலதானே நின்னுண்டு இருந்தே?"

அவள் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டாள். "என்னை முதல்ல பொண்ணு பார்க்க வந்தவா, பாயில உக்கார வெச்சு அரை மணி பேசினா. பொண்ணு கால் ஆட்டறா, ஆத்துக்கு ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அடுத்தாப்போல உங்கப்பா ஆத்துக்காரா வந்தப்போ வேட்டியைக் கிழிச்சுக் கட்டிண்டு உக்காந்தேன். கடைசிவரைக்கும் ஆட்டலை. உனக்கும் அந்த நாள் வருமேன்னு பயந்தேன். சின்னதுலயே அடக்கிட்டா அடங்கிடும்னு நெனச்சேன்."

எனக்கு அழுகை வந்தது, ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்துவிட்டது. உள்ளே அதே மாவு பொங்கிக்கொண்டிருக்க, வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள். ஒரு வார்த்தை, எனக்கும் அப்படித்தான் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் பொய்க்காரி இல்லை என்றாவது எனக்குத் தெரிந்திருக்கும். பையிலிருந்து இரும்பு மாத்திரை அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். நாளைக்கே ரத்தம் சோதித்துவிட வேண்டும், அவளுக்கும் குறைவாக இருந்தால் இதே மாத்திரைதான், ஆனால் இதைக் காபியோடு மட்டும் போட்டுக்கொள்ளவே கூடாது என்று விளக்கமாகச் சொன்னேன். அவளும் விளக்கமாகத் தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே ஒன்றைப் பிரித்து வாயில் போட்டு, பக்கத்தில் ஆறிக்கிடந்த காபியை எடுத்துக் குடித்துவிட்டாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அம்மா டம்ளரை அலம்பிக் கவிழ்த்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கு மேடையில உக்காந்து பாடினப்போ உன் குரல் இறுகித்தான் கிடந்தது. எழுந்து நின்னுண்டு பாடினியே, அதுதான் நன்னா இருந்தது. எனக்குக் கை தட்டணும் போல இருந்தது."

"முப்பத்திநாலு வருஷம் கழிச்சா சொல்லுவே? அன்னிக்கே சொன்னா என்னம்மா?" என்று கத்திக்கொண்டே எழுந்துவிட்டேன்.

அம்மா ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள்.